ஒரகடத்திலிருந்து மலைக்குப் பத்துப் பேர்

தரையில் வாழ்கிறவர்களை மலைக்கு அனுப்புகிற தொழிலில், மலையைப் பற்றி யோசிக்க நேரம் கிடைப்பது கடைசி இரண்டு நாள்தான். அதுவரைக்கும் தேதி, ஷூ, வீட்டார் சம்மதம் என்றே பொழுது போய்விடும்.

என் பெயர் பவானி. ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருஷம் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தேன். லீவு கிடைத்தபோதெல்லாம் மலை ஏறப் போவேன். ஒரு கட்டத்தில் லீவு போதவில்லை, வேலையை விட்டுவிட்டேன். இப்போது படப்பையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அறை எடுத்து, இந்தப் பக்கத்துத் தொழிலாளர்களை மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இரண்டு நாள் நடக்கக் கூட்டிப்போகிறேன். பஸ்ஸில் போய் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிற டூர் இல்லை. முதுகில் மூட்டை, காட்டுக்குள் ஒரே ஒரு குடில், செல்போன் சிக்னல் கிடையாது.

சொந்தக்காரர்களை எல்லாம் ஒரே வேனில் ஏற்றி ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனவர்கள், ஆபீஸ் பிக்னிக்குக்குப் பேர் எழுதும் நோட்டைக் கையில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் உங்களுக்கு விளக்காமலே புரியும். போன குளிர்காலத்தில் பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். அவர்களோடு பட்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

மூன்று ஷிஃப்ட், ஒரு தேதி

பத்துப் பேரையும் சேர்த்தது குமரவேல். மெயின்டனன்ஸ் ஃபிட்டர், முப்பத்து நாலு வயசு. மலை உச்சியில் நின்று யாரோ எடுத்த வீடியோ ஒன்றை கேன்டீனில் எல்லாருக்கும் காட்டி, ஒரே வாரத்தில் ஆள் திரட்டிவிட்டார். வனத்துறை எங்களுக்கு ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கியது. அதைத் தவறவிட்டால் அந்த சீசனில் வேறு தேதி இல்லை. ஆனால் பத்துப் பேரும் மூன்று ஷிஃப்டில் சிதறிக் கிடந்தார்கள். குமரவேல் என் அறைச் சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டி, மூன்று கலர் பேனாவால் கட்டம் போட்டார். நீ எனக்கு பொங்கலுக்கு மறுநாள் வா, நான் உனக்கு அடுத்த ஞாயிறு வர்றேன் என்று பதினைந்து நாள் பேரம் நடந்தது.

எல்லாம் பொருந்தி வந்தபோது ஒன்று இடித்தது. ஒரு மிஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் கம்பெனியிலேயே இரண்டு பேர். இரண்டு பேரும் எங்கள் லிஸ்டில் இருந்தார்கள். குமரவேலுக்குத் துணையாக நானும் சூப்பர்வைசரைப் பார்க்கப் போனேன். முடியாது என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். மனிதர் சார்ட்டை மேஜையில் விரித்து வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார், நாங்கள் கவனிக்காத ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினார், மூன்றாவதாக ஒரு ஆளுக்கு அந்த மிஷினைப் பழக்கிவிடுவதாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு எழுந்தபோது என்னைப் பார்த்துச் சொன்னார்: “மலை எங்கயும் போவாது மேடம். லைன் நின்னா நான்தான் போவேன். பாத்து கூட்டிட்டு வந்துடுங்க.”

சம்பத்தின் மூட்டை

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எல்லாரையும் மூட்டையோடு வரச் சொல்லி எடை போட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஒரு ஆளுக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் கூடாது. சம்பத்தின் பை பதினெட்டு காட்டியது. சம்பத் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் வாடகைக்கு இருப்பவர். பையைக் கவிழ்த்தேன். ஐந்து ஜீன்ஸ், நாலடுக்கு டிபன் கேரியர், இரண்டு பாட்டில் ஊறுகாய், வீட்டுத் தலையணை ஒன்று. தலையணை இல்லாமல் தூக்கம் வராதாம். ஐந்து ஜீன்ஸ் எதற்கு என்றேன். ஒன்று நனைந்தால் இன்னொன்று என்றார். நனைந்த ஜீன்ஸின் எடை என்ன என்று ஒன்றைத் தண்ணீரில் முக்கித் தராசில் வைத்துக் காட்டினேன். முகம் மாறிவிட்டது.

ஊறுகாயும் தலையணையும் டிபன் கேரியரும் வீட்டுக்குத் திரும்பின. ஜீன்ஸுக்குப் பதில் லேசான பேன்ட் இரண்டு. மிச்சம் எட்டரைக் கிலோ. அதை மாட்டிக்கொண்டு எங்கள் மாடிப்படியில் பத்துத் தடவை ஏறி இறங்கச் சொன்னேன். ஆறாவது தடவை படியிலேயே உட்கார்ந்துவிட்டார்: “மேடம், நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுதவன். இம்புட்டு நாளும் வெயிட்டைத் தூக்குனது வண்டிதாம், நான் இல்லன்னு இப்பதாம் தெரியுது.”

ஏரிக்கரையில் மோர்

நம் பக்கத்தில் பழகுவதற்கு மேடு கிடையாது. இருப்பதில் உயரமானது ஃபிளைஓவர். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் மூட்டையோடு நடப்போம். மூன்றாவது ஞாயிறு, எட்டு மணி வெயிலில் வரிசையாக வந்துகொண்டிருந்தோம். ரோட்டோரத்தில் இட்லிக்கடை வைத்திருந்த அம்மா எங்களை நிறுத்தி, பெரிய டம்ளரில் ஆளுக்கு ஒரு மோர் கொடுத்தார். கறிவேப்பிலை, இஞ்சி எல்லாம் தட்டிப்போட்ட மோர். குடித்து முடித்தபிறகுதான் “எந்தக் கோயிலுக்கு நடக்கிறீங்க?” என்று கேட்டார். பாதயாத்திரைக் கூட்டம் என்று நினைத்துவிட்டார்.

சம்பத் ஏதோ ஒரு கோயில் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். எங்களோடு வந்த ஜெயந்தி முந்திக்கொண்டாள். தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை, பொய் வராது. “கோயிலுக்கு இல்லைம்மா, சும்மா மலை ஏறப் போறோம். அதுக்குப் பழகறோம்” என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். குடித்த மோரைத் திருப்பித் தர வழியில்லாமல் எல்லாரும் நின்றோம். கடைசியில் டம்ளர்களை வாங்கிக்கொண்டே சொன்னார்: “சாமியே இல்லாத மலைக்கா இத்தாம்பெரிய மூட்டைய தூக்கிகினு போறீங்கோ? சரி, மோரு குட்ச்சிட்டீங்க. அங்க இன்னா கீதோ, அதுக்கு எம்பேர சொல்லி ஒரு கும்புடு போடுங்க.”

ஜெயந்தியின் அப்பா

ஜெயந்தி ஸ்ரீபெரும்புதூர்க்காரி. அப்பா கோயில் கைங்கரியத்தில் இருக்கிறவர். அவள் ஃபாரம் நிரப்பிக் கொடுத்த மறுநாளே அவர் என் அறைக்கு வந்துவிட்டார். பளிச்சென்ற வேட்டி, நெற்றியில் திருமண், கையில் எழுதி எடுத்துவந்த கேள்விகள். சமையல் யார்? வெங்காயம் பூண்டு உண்டா? பெண்களுக்குத் தனியாகத் தங்க இடம் உண்டா? யானை வருமா? வந்தால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பெண்கள் மூன்று பேர், நானும் அவர்களும் ஒரே அறை. வெங்காயம் பூண்டு இல்லாமல் தனிப் பாத்திரத்தில் வைக்கலாம். யானை வந்தால் நாங்கள்தான் வழிவிட வேண்டும். அவர் ஒவ்வொரு கேள்விக்கும் நேராக டிக் போட்டுக்கொண்டார்.

இந்த மாதிரிப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். வாசல் வரைக்கும் போய், “யோசிச்சுச் சொல்றேன்” என்பார்கள். அப்புறம் அந்தப் பெண் போனை எடுக்காது. இவரும் வாசல் வரைக்கும் போனார், செருப்பை மாட்டினார், தயங்கினார், திரும்பி உள்ளே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “இதுல வயசு வரம்பு ஏதாவது உண்டோ? அறுபத்தொண்ணு ஆறது. முழங்கால் நன்னாத்தான் இருக்கு.”

ஏழுமலையின் கையெழுத்து

கூட்டத்திலேயே நல்ல நடைக்காரர் ஏழுமலை. வல்லம் வடகால்காரர், நாற்பத்தெட்டு வயசு. விவசாயக் குடும்பம், இப்போது பிரஸ் மிஷின் ஓட்டுகிறார். மற்றவர்கள் ஏரிப் பக்கம் மூச்சு வாங்கும்போது இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போய், எங்களுக்காக நின்று பீடி பிடிப்பார். பூங்கா அனுமதிக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும். ஒன்பது பேருக்குக் கையெழுத்து விழுந்தது. ஏழுமலைக்கு ரத்த அழுத்தம் நூற்று எண்பதுக்கு நூற்றுப்பத்து. டாக்டர் இரண்டு தடவை அளந்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்து, ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார்.

அன்றைக்கு என் அறையில் சத்தம். வேறு எங்காவது கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம், அவரைவிட யார் மேடம் நல்லா நடக்கிறாங்க என்று குமரவேல் மேஜையைத் தட்டினார். போலிச் சான்றிதழோடு யாரையும் கூட்டிப்போக மாட்டேன் என்றேன். ஏழுமலை எழுந்து போனார். அடுத்த ஐந்து ஞாயிறும் ஏரிக்கு வரவில்லை. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பெயரை அடித்துவிட்டு வேறு ஆள் சேர்க்க வேண்டியதுதான். பேனாவைக் கையில் எடுப்பேன், பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிடுவேன். ஒரு நல்ல மனிதரை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காகிதங்களை அனுப்ப வேண்டிய கடைசி நாள், மத்தியானம், படியில் காலடிச் சத்தம். ஏழுமலை வந்து ஒரு தாளை நீட்டினார். நூற்று முப்பதுக்கு எண்பத்து நாலு. கீழே டாக்டர் கையெழுத்து. ஐந்து வாரமாக ஒரு வேளை தவறாமல் மாத்திரை, உப்பு பாதி, பீடி முழுசாக நிறுத்தம். கோபத்தில் போனை எடுக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். வெட்கமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “இந்த மலைக்கோசரம்தான் மேடம் டாக்டராண்ட போனேன். இல்லாங்காட்டி நம்ம ரத்தத்த யாரு வந்து விசாரிக்கப்போறா?”

உச்சிக்கு அரைமணி முன்னால்

முதல் நாள் சோலைக்காடும் புல்வெளியுமாக வெயிலடித்தது. தூரத்துப் பாறையில் வரையாடுகளைப் பார்த்து சம்பத் சத்தம் போடாமல் இருந்தது ஒரு சாதனை. இரண்டாம் நாள் காலை குடிலிலிருந்து உச்சிக்குக் கிளம்பினோம். எங்கள் வழிகாட்டி மாதன், அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். உச்சிக்கு அரைமணி நேரம் இருக்கும்போது நின்றார். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. காற்றை முகர்ந்துவிட்டு, “மழை வருதுங்க. இறங்கிடலாம்” என்றார். தலைக்கு மேலே வானம் இன்னும் நீலமாகத்தான் இருந்தது. குமரவேல் கொதித்துவிட்டார். மூன்று மாத உழைப்பு, எத்தனை ஷிஃப்ட் மாற்றம், உச்சி கண்ணுக்கு எதிரே தெரிகிறது. “அரைமணிதானே மேடம், ஓடிப்போயி தொட்டுட்டு வந்துடறோம்” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அந்த உச்சியில் நிற்க ஆசைதான். இறங்குவோம் என்றேன். குமரவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் இறங்கி நடந்தார்.

முக்கால்மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காலையில் ஷூ நனையாமல் கல்லில் கல்லில் தாவி வந்த ஓடை, நாங்கள் திரும்பி வந்தபோது கலங்கி, முழங்கால் அளவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. மாதன் கயிற்றை ஒரு மரத்தில் கட்டி மறுகரைக்குக் கொண்டுபோனார். ஏழுமலை கேட்காமலே ஓடையின் நடுவில் இறங்கி, காலை அகட்டி ஊன்றி நின்றார். ஒவ்வொருவராக அவர் தோளைப் பிடித்துக் கடந்தோம். ஜெயந்திக்கு ஒரு கால் வழுக்கி, இடுப்பு வரைக்கும் நனைந்தாள். ஏழுமலையும் குமரவேலும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கரையேற்றினார்கள். கடைசி ஆள் கடந்து கால்மணி நேரத்துக்குள், ஏழுமலை நின்றிருந்த இடத்தில் ஒரு மரக்கட்டை உருண்டு போனது. எல்லாரும் அதைப் பார்த்தோம்.

குடிலில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுடச்சுடக் காபி குடிக்கும்போது குமரவேல் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு மாதனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “எங்க லைன்ல ஆபத்துன்னா சிவப்பு பட்டனை யார் வேணா அமுக்கலாம், மேனேஜர கேக்க வேணாம். நானே அந்த பட்டனைத்தான் ரிப்பேர் பண்றவன். நீங்க அமுக்கும்போது எனக்குப் புரியலண்ணே.”

ஆலோசனைப் பெட்டி

ஊர் திரும்பிய அடுத்த வாரம் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்து, குறைகளை எழுதச் சொன்னேன். கம்பெனிக்காரர்களுக்குத் தாள் நிரப்புவது கைவந்த கலை. சம்பத், தலையணை விஷயத்தை மறுபரிசீலனை செய்யும்படி எழுதியிருந்தார். ஜெயந்தி, ஓடைக்கு முன்னால் மாற்றுச் சாக்ஸை பையின் மேல்பக்கம் வைக்கச் சொல்லவேண்டும் என்று வரிசை எண் போட்டு எழுதியிருந்தாள். குமரவேல் எதுவும் எழுதாமல் அடுத்த டிசம்பருக்கு எட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தார். அதில் அந்த சூப்பர்வைசர் பெயரும் இருந்தது. ஏழுமலைக்கு எழுத்து அதிகம் வராது. ‘அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும்’ என்ற இடத்தில் பெரிய பெரிய எழுத்தாக ஒரே வரி எழுதியிருந்தார்: “மலைய இன்னும் கொஞ்சம் கிட்டக்க வெக்கவும்.”

இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்த புகார்களில் முழுக்க நியாயமானதும், என்னால் ஒன்றும் செய்ய முடியாததும் அது ஒன்றுதான்.