நீல மூடிக் குழாய்

"அக்கா, திரும்பவும் பிளேட்லெட் கம்மியா இருக்குன்னு சொல்லுதாவ" என்று ஜெசிந்தா காலையில் போனில் அழுதாள். பித்தப்பைக் கல்லுக்காகத் திருப்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள். நாளைக்கு ஆபரேஷன். இந்த எண்ணிக்கையில் கத்தி வைக்க முடியாது என்று தள்ளிப் போடப் பார்க்கிறார்களாம், இரண்டாவது முறையாக. வலியில் அவள் வயிறாரச் சாப்பிட்டே வெகுநாளாகிறது. பாவமாக இருந்தது, அலுப்பாகவும் இருந்தது. ஒரே பாட்டை எத்தனை வருடம் பாடுவது?

கூடவே லீஷ்மன் சாயத்தின் ஸ்பிரிட் வாடை எங்கிருந்தோ மூக்கில் ஏறியது. கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தை இழுத்து, காயவைத்து, அதன்மேல் ஊற்றுகிற நீலச் சாயம் அது. கல்யாணத்துக்கு முன் திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலையில் இருந்தேன். மாடியில் லேப், கீழே பேக்கரி. பன் வாசமும் சாய வாடையும் கலந்தே என் சுடிதாரில் ஏறும். விரல் நுனியெல்லாம் நீலம். "இந்தக் கையப் பாத்தா எவன் கட்டுவான்?" என்பாள் அம்மா. தாராபுரத்துக்காரர் ஒருவர் கையைப் பார்க்காமலே கட்டிக்கொண்டார்.

சுற்றியிருந்த பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் தையல் மெஷினை விட்டு எழுந்தால் கூலி போச்சு. அதனால் சாப்பாட்டு நேரத்தில்தான் ஓடி வருவார்கள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி. ஒரு கையில் பஃப்ஸ், மறு கையை எங்களிடம் நீட்டுவார்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து உண்டு. எடுத்ததும் குழாயை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அந்தக் கூட்டத்தில் அது எல்லாக் குழாய்க்கும் நடந்தது என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். போதாததற்கு, எல்லாம் சேர்ந்த பிறகு சாயங்காலம்தான் ரத்த அணுக்களை எண்ணும் மெஷினை ஓட்டுவோம். அதுவரை ரத்தம் ஸ்டாண்டில் காத்துக்கிடக்கும்.

அப்படி ஒரு டெங்கு சீசனில் வந்தவள்தான் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கம், ஓவர்லாக் டெய்லர். காலனிப் பப்பாளி மரங்களெல்லாம் இலைச்சாற்றுக்காக மொட்டையாகிவிட்டிருந்தன. அவள் லைன் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் போயிருந்தார். மெஷின் அவளுக்குக் காட்டிய குறைந்த பிளேட்லெட் எண்ணைப் பார்த்து அவள் புருஷன் கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிப்பையோடு வந்து நின்றார். முகம் சாக்பீஸாக வெளுத்திருந்தது.

நான் ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் தட்டணுக்கள், அதாவது அந்தப் பிளேட்லெட்டுகள், கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தன. மெஷின் அளவை வைத்துத்தான் எண்ணும். கொத்தாகிவிட்டால் தட்டணு என்று சேர்த்துக்கொள்ளாது. பேக்கிங்கில் ஒட்டிக்கொண்ட இரண்டு பனியனை ஒன்றென்று கணக்கில் போடுகிற கதைதான். ஊதா மூடி மருந்து பட்டால் சிலருடைய ரத்தம் இப்படிக் கூடிக்கொள்ளும். நோயொன்றுமில்லை.

"மெஷின் பொய்யா சொல்லும், மேடம்?" என்றார் அவர்.

"பொய் சொல்லாதுங்க. ஒட்டிக்கிட்டதப் பிரிச்சு எண்ணத் தெரியாதுங்க."

வேறு மருந்து போட்ட நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து, சூடு ஆறுமுன் ஓட்டினோம். எண்ணிக்கை சரியாக இருந்தது. டெஸ்டுக்கு எங்கே ரத்தம் கொடுத்தாலும் நீல மூடி கேள் என்று அவளிடம் சொல்லியனுப்பினேன். அவள் கீழே போய் பன் வாங்கித் தின்றாள்.

இதற்கு நேர்மாறும் உண்டு. ரத்தசோகைப் பெண்களின் சிவப்பணு பொடிப்பொடியாக இருக்கும். மெஷின் அதில் கொஞ்சத்தைத் தட்டணு என்று எண்ணி, 'எல்லாம் நலம்' என்று அச்சடித்துவிடும். நல்ல எண்ணைப் பார்த்து யார் திரும்பி வந்து கேட்கப் போகிறார்கள்? அதனால் அவர்களுக்கும் ஸ்லைடு போடுவேன். கண்தான் எரியும்.

இன்று ஜெசிந்தாவின் போனை லேப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னேன். மரியாதையான பெண்.

"ரிப்போர்ட்ல ஸ்டார் விழுந்திருக்குதுங்க மேடம். ஆனா மெஷின் புதுசுங்க."

"அந்த ஸ்டாரே, கொத்து இருக்குது, பாருன்னு சொல்றதுதான் கண்ணு. ஒரு ஸ்லைடு போட்டுப் பாரேன்."

"ஸ்லைடு பாக்க இங்க ஆளில்லீங்க. மைக்ராஸ்கோப்ப ஸ்டோர்ல வெச்சுட்டாங்க."

"நீல மூடிலயாச்சும் எடு."

"டாக்டர் எழுதோணுங்க. அவரு ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கறாருங்க."

அவளைக் கோபித்து என்ன ஆகப் போகிறது? வேலம்பாளையம் மாடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். பேக்கரி மட்டும் இருக்கிறது. என் மைக்ராஸ்கோப் இருந்த ஜன்னலோர மேசை எந்தப் பழைய சாமான் கடைக்குப் போனதோ. விரல் நீலமும் எப்போதோ போய்விட்டது.

போன் ஜெசிந்தா கைக்குத் திரும்பியது.

"நீல மூடில எடுங்கன்னு நானும் சொன்னேன்க்கா. நீ டாக்டரான்னு கேக்காவ. நீங்க ஒருக்கா வந்து பாத்துருங்களேன்."

"பாக்கறதுக்கு எங்கிட்ட என்ன இருக்குது, ஜெசிந்தா?"

அவள் பதில் சொல்வதற்குள், ஆபரேஷன் தள்ளிப்போச்சு, கட்டிலைக் காலி பண்ணுங்க என்று யாரோ அவளிடம் சொல்வது போனில் கேட்டது.