பேச்சு வரவழைக்கும் சட்டம்

பிள்ளைகளின் உரிமையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை. இளக்காரம்தான் வருகிறது.

மூன்று வயதாகியும் என் மகனுக்குப் பேச்சு வரவில்லை. மடவளையிலிருந்து பஸ் ஏறி, கண்டியில் ஒரு கிளினிக்குக்குப் பேச்சுப் பயிற்சிக்காகக் கொண்டுபோனோம். பயிற்சி கொடுத்த மிஸ் நல்ல பெண்தான். ஆனால் அவளுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த வேறு ஆளும் அங்கே இல்லை. அதனால் வீட்டிலும் பிள்ளையோடு சிங்களத்தில் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி கலந்தால் குழம்பிவிடுவான் என்றாள்.

"மிஸ் செல்றத கேப்போம், படிச்ச ஆள்தானே" என்றார் என் கணவர். கேட்டோம். எங்களைப் போன்ற புத்திசாலிகள் மடவளையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

என் கணவருடையது துணிக்கடைச் சிங்களம். அதில் விலை சொல்லலாம், விலை குறைக்கலாம், பிறகு வாங்க என்று ஆளை அனுப்பலாம். பிள்ளையைக் கொஞ்ச முடியாது. என் சிங்களம் அதைவிடக் கேவலம். மிஸ் சொல்லும் வசனங்களை அப்படியே ஒப்பிப்பேன். இது பந்து. இது தண்ணீர். தண்ணீர் வேண்டுமா? அவன் விழுந்து அழும்போது ஓடிப்போய்த் தூக்குவேன். என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியாமல் முதுகை மட்டும் தடவுவேன். பேசாத ஒரு பிள்ளைக்காக வீட்டில் எல்லோரும் பேச்சை விட்டோம்.

அந்த நாட்களில் கண்டி டவுனில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். விசேட தேவையுள்ள சிறு பிள்ளைகளுக்காக வரப்போகும் சட்டமூலத்தைப் பெற்றோருக்கு விளக்குகிறார்களாம். விளக்கேற்றினார்கள், ஒருவரையொருவர் வாயாரப் புகழ்ந்துகொண்டார்கள். யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் தமிழில் பேசினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறு வயதிலேயே, தாய்மொழியிலேயே சேவை பெற உரிமை உண்டு என்ற வரியை, தானே பெற்ற பிள்ளையைக் காட்டுவது போலத் திரும்பவும் வாசித்துக் காட்டினார்.

நான் எழும்பினேன். "ஐயா, எங்கட புள்ளைக்குத் தமிழ்ல சொல்லிக் குடுக்க ஆள் எப்ப வரும்?"

"ஓம் தங்கச்சி, சட்டத்தில எல்லாம் வடிவா இருக்கு. முதல்ல அது பாராளுமன்றத்தில நிறைவேற வேணும். பிறகு ஆக்களை எடுக்கலாம். அதுவரைக்கும் இருக்கிறதை வச்சுச் சமாளியுங்கோ."

என்ன பெருந்தன்மை. பிள்ளை பேசப் பழகும் வயது இவர்கள் கைதூக்கும் வரைக்கும் வாசலில் நிற்குமாக்கும். அதைக் கேட்க வாயெடுத்தபோது மகன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். என் முகத்தைப் பார்த்து, மிகத் தெளிவாக, முதன்முதலாக என்னைக் கூப்பிட்டான்.

"மிஸ்."

வீட்டில் மிஸ்ஸின் வசனங்களையே பேசுகிறவளை அவன் வேறு எப்படிக் கூப்பிடுவான்? எங்கள் வீடுகளில் தாயைக் கூப்பிடும் உம்மா என்ற சொல்லுக்காக ஏங்கிக் கிடந்தவள் நான்.

அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களோ, பிள்ளை கதைக்குது."

மண்டபம் முழுவதும் கைதட்டியது.