கேட்டிலிருந்து பூசத் தொடங்கியவள்

அடிபட்ட கார்களைப் பார்த்து, பழுது பார்த்தால் தேறுமா, பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதானா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் 'தேறாது மேடம்'. முகத்துக்கு நேரே மேடம் மட்டும். முதுகுக்குப் பின்னால் முழுப் பெயர். அவளுக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஊர் வண்டிக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவளுக்குத் தன் வீட்டு வாசல் கண்ணில் படவில்லை. கேட்டிலிருந்து கார் ஷெட் வரை போட்ட தார்ப் பாதை வெளுத்து, வெடித்து, விரிசலில் புல் முளைத்துக் கிடந்தது. எதிர்வீட்டு டீச்சர் தன் வாசலுக்குக் கறுப்புப் பூச்சு பூசிப் பளபளவென்று ஆக்கிய அன்றுதான் இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பூசினா எவ்வளவு நாளைக்கு நிக்கும்? வீண் வேலை" என்றார் கணவர். அதில் ஞானம் ஒன்றுமில்லை. டின் தூக்கச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

"நீங்க சும்மா இருங்க. பெயின்ட்டப் பத்தி எனக்கா சொல்லித் தரீங்க?"

டின்னிலேயே 'முதலில் விரிசல்களை அடைக்கவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதெல்லாம் ஒன்றும் தெரியாதவர்களுக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டருகே ஆரம்பித்து, நீளப் பிரஷ்ஷால் இழுத்து இழுத்துப் பூசிக்கொண்டே பின்வாங்கி, ஷெட் வாசலில் வந்து இடுப்பை நிமிர்த்தினாள். கண்ணாடி மாதிரி இருந்தது.

சமையலறை ஜன்னலில் கணவரின் தலை தெரிந்தது.

"பிரமாதம். காரை எப்படி வெளிய எடுப்ப? பறக்க விடுவியா?"

திரும்பிப் பார்த்தாள். ஷெட்டுக்குள் கார் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. பூச்சு காய ரெண்டு நாள் ஆகும்.

திங்கட்கிழமை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

"என்ன மேடம், வண்டி எங்க? ஆக்சிடென்ட்டா?" என்று பட்டறைக்காரர் பதறினார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நகக்கண்ணெல்லாம் தார். நடந்ததைச் சொன்னாள். அவர் பழைய டயர் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வேற யாராவது இப்படி வந்து நின்னா என்ன மேடம் எழுதுவீங்க?"

"உரிமையாளரின் அஜாக்கிரதைன்னு எழுதுவேன். ஒரு பைசா கிடைக்காது."

முதல் மழையிலேயே பூச்சுக்கு அடியில் இருந்த விரிசல்கள் எல்லாம் பல்லை இளித்தன. அடுத்த மழைக்கு ஷெட் ஓரத்தில் காரின் முன்சக்கரம் பொசுக்கென்று இறங்கியது.

முதலில் செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தாள். பழைய போர்வையை விரித்து மண்டியிட்டு, பட்டி போட்டு மறைத்த கார் கதவைத் தட்டிப் பார்ப்பது போல, ஸ்க்ரூடிரைவர் பிடியால் பாதை முழுக்கத் தட்டிக்கொண்டே போனாள். எங்கும் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம். ஷெட் ஓரத்தில் மட்டும் 'தொப் தொப்'. நிமிர்ந்து பார்த்தால், கூரைத் தண்ணீர்க் குழாய் நேராக அங்கேதான் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அத்தனை வருஷ மழையும் அடிமண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. குடையோடு ஒருநாள் நின்றிருந்தால் குழந்தைகூடச் சொல்லியிருக்கும்.

"என்ன, தேறுமா?" என்றார் கணவர்.

"பாதை தேறும். பாத்தவதான் தேறல."

அவர் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடப்பாரையோடு வந்தார். குழாயைப் புல்தரைப் பக்கம் திருப்பினார்கள். அந்த ஓரத்தை மட்டும் தோண்டி, ஜல்லி போட்டு இடித்து, மூட்டையில் விற்கும் தார்க்கலவையைக் கொட்டிக் காரையே முன்னும் பின்னும் ஓட்டி அமுக்கினார்கள். விரிசல்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து அடைத்தார்கள். மேல்பூச்சை அதற்கப்புறம் அவள் தொடவில்லை. அது நரைத்துக்கொண்டே வருகிறது, நரைக்கட்டும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை.

எதிர்வீட்டு டீச்சர் மட்டும் ஒருநாள் வந்து பார்த்து, "ஒட்டுப் போட்ட இடம் கொஞ்சம் மேடா இருக்கே" என்றாள். இருக்கிறதுதான். கார் அதன்மேல் ஏறும்போது 'திம்' என்று ஒரு சத்தம் வரும். அது உள்ளே கேட்டதும் கணவர் எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுகிறார்.