கீபோர்டைத் துடைத்த காலை

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். ஐந்தாவதோடு நின்றவள் நான். மறதி வேறு. வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்த அரைப் பக்கத்தை நீங்கள் பொறுமையாகப் படிப்பதே பெரிய விஷயம்.

போன வாரம் நசீமா மேடத்துக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஊசி போடுகிற டாக்டர் இல்லை... சாஃப்ட்வேர் ஆராய்ச்சி! பழவேற்காட்டுத் துணிக்கடைக்காரர் மகள். திருவள்ளூர் பக்கம் ஓர் இன்ஜினீயரிங் காலேஜில் பாடம் எடுக்கிறார். அங்கே கம்ப்யூட்டர் லேபைக் கூட்டித் துடைப்பது என் வேலை.

தடியான புத்தகம் ஒன்றை என்னிடம் நீட்டினார். அவர் ஆராய்ச்சிதான். முதல் பக்கங்களிலேயே யார் யாருக்கோ நன்றி. நடுவில் ஒரு வரியில் விரல் வைத்தார். "இது உங்க பேரு, பாக்கியம்மா."

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நான் என்ன ஆராய்ச்சி செய்தேன்? ஒரு நாள் கம்ப்யூட்டரை நிறுத்தித் தொலைத்தேன், அவ்வளவுதான்.

அது சில வருஷத்துக்கு முன்னால். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனி. கேட்டில் லாரிகளை எடை போட்டுப் பதிய, மேடமும் மாணவர்களும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்கள். ஆறு மாத உழைப்பு. அன்றைக்குக் கம்பெனி ஆபீசர் அதைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால்தான் மேடம் அங்கே போய் ஆராய்ச்சியைத் தொடர முடியும்.

பெரிய மனுஷர் வருகிறாரே என்று ஈரத்துணியால் கீபோர்டை அழுத்தித் துடைத்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரை அப்படியே நின்றுவிட்டது!

"ஆயா, இன்னா பண்ணிக்கினு கீற? இப்பத்தான நல்லா ஓடிக்கினு இருந்துச்சு!" என்று ஒருவன் கத்தினான்.

"வுடு மச்சி, ஆயாவுக்கும் ஒரு டிகிரி குடுத்துடலாம்" என்றான் இன்னொருவன்.

லேப் பொறுப்பாளர் சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து வராத. போய்க்கினே இரு."

இந்த வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பேன்?

அப்போதுதான் மேடம் வந்தார். விஷயத்தைக் கேட்டார். திட்டவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, புரோகிராமை மறுபடி ஓடவிட்டார்.

"இப்ப என்ன பண்ணீங்களோ, அதையே பண்ணுங்க."

"வேணாம் மேடம்..."

"பண்ணுங்க பாக்கியம்மா."

துடைத்தேன். நின்றது. இன்னொரு தடவை துடைக்கச் சொன்னார். அப்போதும் நின்றது. மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

"தப்பு நம்ம புரோகிராம்ல. பத்து பட்டன ஒண்ணா அழுத்துனா திணறுது. ஆறு மாசமா நாம யாருமே அப்படி அழுத்திப் பாக்கல" என்றார் மாணவர்களிடம். பிறகு பொறுப்பாளரிடம், "இவங்க நாளைக்கும் வருவாங்க சார்."

அதற்குள் ஆபீசர் வந்துவிட்டார். துடைக்காமல் காட்டியிருந்தால் அவருக்கு என்ன தெரியப்போகிறது? மேடம் துணியை அவரிடமே நீட்டினார். "நீங்களே தொடைச்சுப் பாருங்க சார்."

துடைத்தார். நின்றது.

"இன்னாம்மா இது? இதப் பாக்கவா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தேன்?"

போச்சு என்று நினைத்தேன். மேடம் நிதானமாகக் கேட்டார்: "உங்க கேட்டுல கீபோர்டத் தொடைப்பாங்களா சார்?"

"தொடைக்காம? எல்லாம் இரும்புத் தூசி. வாட்ச்மேன் ஒரு நாளிக்குப் பத்து தபா தொடைப்பான்." சொல்லிவிட்டு அவரே யோசித்தார். "லாரிங்க லைன் கட்டி நிக்கறப்ப இது நின்னுக்கிச்சுன்னா பேஜாருதான். சரி, பாஞ்சு நாள் எடுத்துக்கங்க."

என்னை அன்றைக்கு வேலையை விட்டு அனுப்பியிருந்தால் புரோகிராம் லேபில் ஜோராக ஓடியிருக்கும். கும்மிடிப்பூண்டியில் போய் நின்றிருக்கும்.

சரி செய்து கொடுத்த பிறகு, மேடம் மாதக்கணக்கில் அந்தக் கேட்டில் போய் உட்கார்ந்தார். வாட்ச்மேன் எதை எப்படித் தொடுகிறார், அவசரத்தில் எதைத் தப்பாக அழுத்துகிறார் என்று பார்த்துப் பார்த்து எழுதினார். அதுதான் அந்தத் தடிப் புத்தகம். இன்றைக்கும் எந்தப் புரோகிராமும் என் ஈரத்துணியைத் தாண்டித்தான் வெளியே போகும். மாணவர்கள் கெஞ்சுவார்கள்: "ஆயா, கொஞ்சம் மெதுவா தொடைச்சு வுடு!"

எனக்கு வேலை போகாமல் காப்பாற்றியதே போதும். நன்றி நான் அல்லவா சொல்ல வேண்டும்? நேரில் வாய் வரவில்லை. அதனால் இங்கே.

பத்து பட்டனா எட்டா, பதினைந்து நாளா இருபதா... எனக்கு நிச்சயமில்லை. கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். தப்பைக் கண்டுபிடித்தவர்களை மேடம் திட்டியதே இல்லை — நானும் திட்ட மாட்டேன்.