ஊரில் இல்லை என்று சொன்ன மைனி

2009-ஆம் வருடம், இராஜாக்கமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் கடற்கரை ஊரில் நடந்தது இது. என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த நேரம். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை லீவில்தான் பார்த்திருக்கிறேன். கொண்டு வந்த பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். இனி இந்த மனுஷன் எங்கேயும் போகமாட்டார் என்று நினைத்தபோது வந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவே எனக்கு வெட்கமாக இருந்தது.

நாகர்கோவிலில் ஒரு வங்கிக் கிளையில் காவலாளி வேலைக்கு ஆள் தேடினார்கள். முன்னாள் ராணுவத்தினருக்குத்தான் முதலிடம். ஆனால் சொந்தமாகத் துப்பாக்கியும் அதற்கு லைசென்ஸும் இருக்க வேண்டும் என்றார்கள். இத்தனை வருடம் அரசாங்கத் துப்பாக்கியைச் சுமந்தவருக்குச் சொந்தமாக ஒன்று வாங்குவது பெரிய காரியமா என்று நினைத்தோம். மதுரையில் ஒரு கடைக்குப் போய் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டார். லைசென்ஸைக் காட்டினால்தான் தருவோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். போலீஸ் விசாரித்து அறிக்கை அனுப்பியதும் லைசென்ஸ் வரும் என்றார்கள். வங்கி மேனேஜரும் நல்ல மனிதர், அதுவரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்.

இதைப் பற்றி ஊரில் யாரிடமும் நாங்கள் மூச்சு விடவில்லை. வேலை கைக்கு வரும் முன்னே சொன்னால் கண்பட்டுவிடும் என்று எனக்குப் பயம். அதிலும் துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம், ஊர் வாய் ஒரு மாதத்துக்கு ஓயாது. பக்கத்து வீட்டு மைனியிடம்கூடச் சொல்லவில்லை.

என் கணவர் அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கு மைனி, நாத்தனார் முறை; மற்றபடி எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் என் கணவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் எனக்கிருந்த ஒரே துணை மைனிதான். கொட்டாரம் சந்தைக்கு மீன் கொண்டுபோகும் முன் எங்கள் அடுக்களையில் கறிக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். என் மகள் நடக்கப் பழகியது மைனியின் முற்றத்தில்தான்.

விசாரணைக்கு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. என் கணவர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். "ரிப்போர்ட் இன்னும் வரல" என்று ஒரே பதில். இதற்குள் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுவது அவர் வேலையாகிவிட்டது. அவள் என்னைத் தலைவாரக்கூட விடமாட்டாள், அப்பாதான் வார வேண்டும். பட்டாளத்துக்காரர் போட்ட சடை எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒரு நாள் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா இரக்கப்பட்டுக் கோப்பைத் தேடி எடுத்தார். அறிக்கை எப்போதோ வந்துவிட்டதாம். மனுதாரர் அந்த விலாசத்தில் இல்லை, வெளிநாடு போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் தெரிவித்தார்கள் என்று அதில் எழுதியிருந்ததாம்.

என் கணவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எந்தப் புண்ணியவதி செய்த வேலையோ என்று கேட்க நேரே மைனியிடம்தான் ஓடினேன். மைனி மீன் அறுத்துக்கொண்டிருந்தார். நான் பாதி சொல்வதற்குள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, அது நான்தான். நீங்க ரெண்டுபேரும் இனயத்துக்கு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்திய இல்லியா, அன்னைக்கு ஒருத்தன் பைக்குல வந்து தம்பி பேரச் சொல்லிக் கேட்டான். மப்டியில வந்தா போலீஸ்னு எனக்குத் தெரியாதா? அவன் துபாய்க்குப் போயாச்சுன்னு அடிச்சு விட்டேன். நீ பயந்திருவேன்னுதான் உங்கிட்டச் சொல்லல மக்கா."

எங்கள் கடற்கரையில் இது எல்லாப் பெண்களுக்கும் ஊறிப்போன பழக்கம். வள்ளத் தகராறு, வலைத் தகராறு என்று எது வந்தாலும் போலீஸ் வரும், கையில் கிடைத்த ஆண்களை ஜீப்பில் ஏற்றும். யாராவது பெயர் சொல்லிக் கேட்டால் ஆள் ஊரில் இல்லை என்பதுதான் முதல் பதில். என்னிடம் கேட்டிருந்தாலும் மைனியின் வீட்டுக்காரரைப் பற்றி நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அது லைசென்ஸ் விசாரணை என்று நான் சொன்னதும் மைனி கையிலிருந்த மீனைச் சட்டியில் வைத்துவிட்டார். "எனக்க மாதாவே" என்றதோடு சரி. நானும் ஒன்றும் சொல்லத் தோன்றாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறு விசாரணைக்கு எழுதிக் கொடுத்தோம். அது வரிசையில் கிடந்தது. மேனேஜருக்கு மேலிடத்தில் நெருக்கடி, இனிமேல் காத்திருக்க முடியாது என்று வேறு ஒருவரைப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் கணவர் தன் பழைய கூட்டாளி ஒருவர் மூலம் தோஹாவுக்கு வாட்ச்மேனாகப் போனார். அந்த வேலைக்குத் துப்பாக்கியும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம், ஒரு விசில் போதும். அவர் போன பிறகு லைசென்ஸ் தயார் என்று தகவல் வந்தது, போய் வாங்கத்தான் ஆளில்லை. மகள் சடை போட மாட்டேன் என்று பல நாள் விரித்த தலையோடு அழுதாள். நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

மைனியை நாங்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "அக்கா நமக்காவத்தானே சொன்னாவ, விடுட்டி" என்று என் கணவர் என்னிடம் சொன்னார். போனிலும் பலமுறை, "எனக்கு மனசுல ஒண்ணும் இல்லன்னு அக்காட்ட சொல்லு" என்பார். சொல்லலாம் என்றுதான் போவேன். மீன் விலை, மழை, பூசை நேரம் என்று என்னென்னவோ பேசிவிட்டுத் திரும்பி வருவேன். அந்தப் பேச்சை எடுத்தால் மைனி வருத்தப்படுவாரே என்று தோன்றும். நாளாக நாளாக மைனி என் அடுக்களைக்கு வருவதும் நின்றுபோனது, மீன் மட்டும் யார் கையிலாவது வரும்.

அவர் தோஹாவிலிருந்து திரும்பி வந்து நாளாகிவிட்டது. போன மாதம் மகளைப் பெண் கேட்டு வரும் முன் எங்களைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் மைனியிடம் கேட்டிருக்கிறார்கள். அவளைத் தோளில் தூக்கி வளர்த்த மைனி, "எனக்கு ஒண்ணும் தெரியாது, அந்த வீட்டுலயே கேட்டுக்கிடுங்க" என்று கதவைச் சாத்திவிட்டாராம். எங்களுக்காகப் போலீஸ்காரன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன மனுஷி, எங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூட இன்று பயப்படுகிறார் என்று கேட்டபோது, அந்த வேலை போனது எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை. அன்றைக்கே அந்த மீன் சட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, "போட்டும் மைனி" என்று நான் சொல்லாமல் வந்ததுதான் இன்றுவரை நெஞ்சை அறுக்கிறது.