பிரஷர் அக்காவின் கன்ன எலும்பு

அம்பை இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்து, காதருகே கொண்டுபோய்க் கேட்கிறார் அக்கா. ஞாயிறுதோறும், ஒவ்வொருவருடைய அம்பையும். "இது முனகுது. ஓரமா வை." அம்புக்காரர் புதுசு என்பார், விலை அதிகம் என்பார். "விலை அதிகம்னா உடையாதா? நாணை விட்டதும் உடைஞ்சா உன் கையிலதான் ஏறும்." அவ்வளவுதான், அந்த அம்புக்கு அன்று விடுமுறை.

வாரநாளில் அவருக்கு பஸ் டிப்போவின் டயர் பகுதியில் வேலை. எங்கள் வில்வித்தைக் கிளப்பில் பெயர் 'பிரஷர் அக்கா'. டயருக்குப் பிரஷர் பார்ப்பதால் அப்படிக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு அதை ஏற்றுவதால்தான்.

கிளப் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு பழைய சரக்குக் கிடங்கு. அந்தக் கோடியில் வைக்கோல் இலக்குகள், பின்னால் ஒரு வலை. இந்தக் கோடியில் தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அவர்தான் காவல். விசில் ஒருமுறை ஒலித்தால் எய்யலாம். மூன்று முறை ஒலித்தால் வில்லை வைத்துவிட்டு அம்பெடுக்கப் போகலாம். அதற்கு முன்னால் கோட்டைத் தாண்டுகிற ஆளை அம்பு கொல்லாது, அக்காவே கொன்றுவிடுவார். போகும்போதும் ஓடக் கூடாது. "அம்போட வாலு உன் கண்ணு உயரத்துல நீட்டிக்கிட்டு நிக்குது. தடுக்கி விழுந்தா நேரா அதுலதான்."

அவருடையது வெறும் வில். குறி பார்க்கும் கருவி எதுவும் அதில் கிடையாது. அம்பு முனைதான் குறி. நாணை இழுத்த கை முகத்தில் எங்கே வந்து நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆங்கர் என்பார்கள். கை இறங்கினால் அம்பின் வால் இறங்கும், அம்பு மேலே போகும். கை ஏறினால் அம்பு கீழே போகும். அக்காவின் சுட்டுவிரல் பல வருஷமாக வலது வாயோரத்தில் வந்து தாழ்ப்பாள் மாதிரி விழும்.

போன வருஷம் ஒரு காலை வாய் கொப்பளிக்கையில் தண்ணீர் தானாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் வலது பக்க முகம் தொங்கிக் கிடந்தது. முகவாதம். நரம்பு வீங்கியிருக்கிறது, மெல்லத்தான் தேறும் என்றார் டாக்டர். வலது கண் மூடவில்லை; இமைக்கு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டுதான் தூக்கம். உதடு குவியாததால் விசிலுக்குப் போக வேண்டிய காற்று ஓரமாகப் போனது. உதடு சேராததால் பகரமும் மகரமும் வரவில்லை. 'அம்பு' என்ற சொல்லையே அவரால் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நாளில் கிடங்குக்கு வந்துவிட்டார், டிப்போவில் கழித்துப்போட்ட ஜீப் ரிம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு. அதைக் கயிற்றில் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் ஒரு போடு போட்டார். விசிலுக்கு அசையாதவர்களும் ஆடிப்போனோம்.

அன்றே வில்லையும் எடுத்தார். விரல் பழைய வாயோரத்தைத் தேடிப் போனது. வாயோரம் பழைய இடத்தில் இல்லை. அம்பு இலக்கைத் தாண்டி, வலையையும் தாண்டி, சுவரில் மோதித் தெறித்தது.

நான்தான் வாயைத் திறந்தேன். "ஒரு அம்புதானே அக்கா. எல்லாருக்கும்தான் போகுது."

வில்லைக் கீழே வைத்தார். வாய்க்கு அடங்குகிற சொற்களாகப் பார்த்து எடுத்தார். "வேற யாராவது விட்டிருந்தா என்ன செய்வேன்?"

"வெளிய அனுப்புவீங்க."

"அதான். நான் வெளிய."

வாசற்படியில் போய் உட்கார்ந்தார். வலது கண்ணில் நீர் வழிந்தது. நோய் என்று சொல்லிவிடலாம். இடது கண்ணிலும் வழிந்தது.

கிளப்புக்கு அவரைக் கொண்டுவந்து விடுகிறவர் கணவர். லாண்டரி வைத்திருக்கிறார். அம்பென்றால் பயம், வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வீட்டுக் கதையை அவர்தான் சொன்னார். "பஸ் கண்ணாடி ஒண்ணை சுவத்துல மாட்டி, அதுக்கு முன்னாடி நின்னு பழைய டயர் டியூபை இழுத்துக்கிட்டே இருக்கா. குறுக்க போனா திட்டறா. ரப்பர்தானேம்மான்னா, கோடு கோடுதாங்கறா!"

வில்லை வீட்டில் இழுக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். அதனால்தான் டியூப். நரம்பு தேறத் தேற வாயோரம் வாரத்துக்கு வாரம் மேலே ஏறியது. அதை நம்பிக் கையை நிறுத்த முடியவில்லை. கடைசியில் கன்ன எலும்பின் கீழ்விளிம்பைப் பிடித்தார். "சதை ஏறும், இறங்கும். எலும்பு எங்க போயிடும்?" என்றார், மகரம் இன்னும் குழற.

ஆனால் கை அங்கே ஏறினால் நாண் கண்ணுக்குப் பக்கத்தில் வரும். முழுதாக மூடாத கண்ணை வைத்துக்கொண்டு அது ஆகாது. ஆகவே ரிம்மை அடித்துக்கொண்டு காத்திருந்தார். கண் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லியும் நம்பவில்லை. ஒரு ஞாயிறு என்னை வெளிச்சத்துக்கு இழுத்துப்போய்க் கண்ணை மூடினார். "இடுக்கு தெரியுதா?"

"இல்லக்கா."

"நல்லா பாரு. எனக்காகச் சொல்லாத."

"இல்லவே இல்லக்கா."

பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டில் வந்து நின்றார். அவர் எய்யும்போது ரிம்மை அடிக்க ஆள் வேண்டுமே. வாசலைப் பார்த்து, "ஏங்க, உள்ள வாங்க" என்றார். கணவர் கோழி பிடிக்கப் போகிறவர் மாதிரி குனிந்தே வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு அடி அடித்தார்.

விரல் எலும்புக்கடியில் போய் நின்றது. முதல் அம்பு இலக்கின் அடியோர வெள்ளை வளையத்தில் பாய்ந்தது. அடுத்ததும் அங்கேதான். அதற்கடுத்ததும். மதிப்பெண் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் மூன்றையும் ஒரே பிடியில் பிடுங்கலாம். "ஒரே இடம்" என்றார். மகரம் கணீரென்று விழுந்தது. முனையை எங்கே வைப்பது என்பதை இனி மாற்றிக்கொண்டால் போதும்.

இப்போது கணவர் வாசலில் நிற்பதில்லை. போன வாரம் எல்லோரும் கிளம்புகிற நேரத்தில், சுவரில் மாட்டியிருந்த வில்லைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்: "இழுத்தா கை எங்கம்மா வந்து நிக்கணும்?"

நாண் அறுக்காமலிருக்க விரலில் மாட்டியிருந்த தோலுறையை அக்கா கழற்றினார். கணவருடைய சுட்டுவிரலைப் பிடித்து, எங்கள் எல்லோர் முன்னாலும், தன் வலது கன்னத்தில், இன்னும் கொஞ்சம் சரிந்தே இருக்கும் அந்தப் பக்கத்தில், எலும்புக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.