வெளிறிய சிவப்பு

எண்பதுகளின் பிற்பகுதியில், ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவுக்கும் விருந்தினர் விடுதிக்கும் நான் பொறுப்பாளராக இருந்தேன். புது இயந்திரம் ஒன்றை நிறுவ இத்தாலியிலிருந்து வந்த பொறியாளர் இரண்டு மாதம் அந்த விடுதியில் தங்கினார். அவருடைய ஊர் ஆல்ப்ஸ் மலையில் வால்தெல்லினா என்ற பள்ளத்தாக்கு. செங்குத்தான சரிவில் கல்லடுக்கி, முதுகில் மண் சுமந்து கொட்டித் திராட்சை வளர்ப்பார்களாம். கிளம்பும்போது, வீட்டில் தயாரித்த சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில்களை எங்களுக்கென்று விட்டுப்போனார். லேபிள் இல்லை, முத்திரை இல்லை, வெறும் தக்கை.

அவற்றை வைத்துப் பூட்டிய அலமாரியின் சாவி விடுதிச் சமையல்காரரிடம் இருந்தது. என்னைவிட மூத்தவர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கர். மனைவியோடும் இரண்டு பெண்களோடும் பின்னறையில் குடியிருந்தார்.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரிகள் மதிய விருந்துக்கு வந்தார்கள். பெருமையாக ஒயினைத் திறக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடையில் கிடைக்கும் இனிப்பு ஒயின். நாவல்பழச் சாறுபோலக் கருத்திருக்கும். இதுவோ செங்கல் கழுவிய நீர்போல வெளிறியிருந்தது. கோப்பைக்குப் பின்னால் என் விரல் தெரிந்தது. வாயில் வைத்தால் துவர்ப்பு.

“ஏன்ரீ இது, கலர் தண்ணியா?” என்றார் ஓர் அதிகாரி, கன்னடம் கலந்த தமிழில். எல்லோரும் சிரித்தார்கள். பாலில் தண்ணீர், சாராயத்தில் தண்ணீர் என்று பார்த்துப் பழகிய புத்தி எனக்கு. அவர்கள் முன்னிலையிலேயே சமையல்காரரைக் கூப்பிட்டேன். அதுவரை ‘நீங்க’ என்று அழைத்துவந்தவரை அன்று ஒருமையில் கேட்டேன்.

“எவ்வளவு குடிச்சிட்டு எவ்வளவு தண்ணி ஊத்தின?”

“மாதா சத்தியமா தொடலீங்க சார்.”

“கிறிஸ்துமஸுக்கு வீட்டுலயே ஒயின் போடற ஆளுங்கதானே. கை சும்மா இருக்குமா?”

இதைச் சொன்னவன் நான்தான்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “போடறதாலதான் சொல்றேங்க. தண்ணி ஊத்துனா வாசம் செத்துடும். ஒரு வாட்டி மோந்து பாருங்க சார்” என்று கோப்பையை நீட்டினார். நான் வாங்கவில்லை. இரண்டு பாட்டில்களையும் தொட்டியில் கொட்டச் சொன்னேன். அவரே கொட்டினார். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கினேன். அவருடைய பெண்கள் இருவரும் பள்ளியைப் பாதி வருடத்தில் விட்டுப் போனார்கள்.

மறு வருடம் இத்தாலியர் இயந்திரத்தைச் சரிபார்க்க வந்தார். கொண்டுவந்த பாட்டிலைத் தன் கையாலேயே திறந்து ஊற்றினார். அதே வெளிறிய சிவப்பு. நான் திகைத்ததைப் பார்த்து, தங்கள் மலைத் திராட்சைக்குச் சாயம் குறைவு, புதியவர்கள் தண்ணீர் கலந்தது என்றுதான் நினைப்பார்கள் என்று சிரித்தார். அப்போதுதான் முகர்ந்து பார்த்தேன். காய்ந்த ரோஜாபோல ஒரு வாசம், மூக்கைவிட்டுப் போகவே இல்லை. பிறகு இன்னொரு பாட்டிலை எடுத்து வைத்து, “சமையல்காரர் எங்கே? இது அவருக்கு” என்றார்.

விசாரித்துக்கொண்டு காவேரிப்பட்டினம் போனேன். ஒரு சின்ன ஓட்டலில் பரோட்டா மாவு பிசைந்துகொண்டிருந்தவர், கையைத் துடைத்தபடி எழுந்து, “வாங்க சார், டீ சாப்பிடறீங்களா?” என்றார். பாட்டிலைக் கொடுத்து, யார் அனுப்பியது என்று சொன்னேன். பேருந்தில் மனப்பாடம் செய்துவந்த மன்னிப்பெல்லாம், “அன்னைக்கு ஏதோ தப்பு நடந்துபோச்சு, திரும்ப வந்துடுங்க” என்று சுருங்கிவிட்டது.

“பிள்ளைங்க இங்க பள்ளிக்கூடம் சேர்ந்துட்டாங்க சார்.”

கடையின் பின்பக்கம் போய், கரண்டிக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளி, டீ கிளாஸில் கொஞ்சம் ஊற்றினார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“அதே கலருங்க சார்.”

பிறகு முகர்ந்து, மெதுவாகக் குடித்தார். என்னிடம் நீட்டவில்லை.

அன்று அந்த விருந்தறையில் ஒயினைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் திருடன் என்றேன். ‘நான் செய்த தப்பு’ என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல், இந்த வயதில் முகம் தெரியாத உங்களிடம் சொல்வதும் கோழைத்தனம்தான் என்பது எனக்குத் தெரியும்.